ஜிங்கு திருடி

இடுப்புல சுத்தி எடுத்துகினு போனேனாம். இல்லாங்காட்டி புளிசோத்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சுகினு போனேனாம். எத்த? ஜிங்குத் தகட்ட! கேட்டா யாராவது வாயால சிரிப்பாங்களா? ஆனா அன்னிக்கு எனக்கு சிரிப்பு வர்ல.

என் பேரு வசந்தா. திருமழிசை பழைய தெருவுல பொறந்து அதே தெருவுல வாக்கப்பட்டவ. எஸ்டேட்டுல மணவாளன் கம்பெனில தகடு உரிக்கிற வேலை. மொதலாளிய பேரு சொல்றாளேன்னு பாக்காதீங்க. அவரு எங்க தெரு ஆளுதான். எஸ்டேட்டு வந்தப்போ எங்க நைனா நெலத்த வித்து சாப்ட்டு முடிச்சாரு, அவங்க நைனா வித்து உஷாரா எஸ்டேட்டுக்குள்ளயே எடம் வாங்கிப் போட்டாரு. அவ்ளோதான் வித்தியாசம். கம்பெனி கேட்டுக்கு உள்ள அவரு எனக்கு சாரு, கேட்டுக்கு வெளிய மணவாளண்ணன். இத்த நாங்க பேசி வச்சுக்கல, தானா அமைஞ்சுபோச்சு.

அங்க இன்னா பண்றீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. நான் எப்பவும் ஒரே மாதிரிதான் சொல்வேன். இரும்பு உருக்குற கம்பெனிங்க கீதுல்ல, அவங்க பழைய பக்கெட்டு, கூரை ஷீட்டு, காரு கதவு எல்லாத்தையும் வாரி அடுப்புல போடுவாங்க. அதுங்க மேல துரு புடிக்காம இருக்க ஜிங்கு, அதான் துத்தநாகம், பூசியிருக்கும். சூடு ஏறினா இரும்பு உருகி கீழ நிக்கும், ஜிங்கு புகையா மேல போயிடும். அந்தப் புகைய அப்டியே வானத்துல வுட்டா ஊரே இருமும். அதனால பெரிய பெரிய துணிப்பைல புடிச்சுடுவாங்க. புடிச்சா சாக்கு சாக்கா காப்பித்தூள் கலர்ல ஒரு மண்ணு. அந்த மண்ணு அவங்களுக்கு வோணாம், கொட்றதுக்கு எடமும் கெடையாது. அத்த நாங்க லாரில ஏத்திகினு வந்துடுவோம்.

வந்ததும் ஆசிட்டுத் தண்ணில போட்டுக் கலக்குவோம். மண்ணுல கீற ஜிங்கு ஆசிட்டுல கரைஞ்சு தண்ணியோட வந்துடும், இரும்பெல்லாம் சேறா அடில குந்திக்கும். தண்ணிய வடிகட்டி, மிச்ச அழுக்கையும் எடுத்துட்டு, தொட்டில ஊத்தி, அலுமினியத் தகடுங்கள வரிசையா தொங்கவுட்டு கரண்டு குடுப்போம். கரண்டு ஓட ஓட ஜிங்கு அந்தத் தகட்டு மேல வெள்ளையா ஆடை மாதிரி படியும். பகலு ராத்திரி முழுக்க படியவுட்டு காலைல தூக்கினா நல்லா கனத்துக் கெடக்கும். ஓரத்துல உளிய வச்சு ஒரு தட்டு, அப்பால ஒரே இழுப்பு. சர்ருன்னு முழுசா உரிஞ்சு கையோட வரும் பாரு, அந்த சத்தத்துக்கே தெனம் வேலைக்குப் போவலாம்.

புகையா போனத தண்ணியாக்கி, தண்ணியத் தகடாக்கிக் குடுக்கறோம்னு சொன்னா எங்க ஊட்டுக்காரரு ஏகாம்பரம் நம்ப மாட்டாரு. அவரு பூந்தமல்லி ரோட்டுல ஷேர் ஆட்டோ ஓட்றவரு. "புகையிலேர்ந்து காசு எடுக்கறீங்களா? என் ஆட்டோவும்தான் புகை வுடுது, வந்து புடிச்சுக்க"ன்னுவாரு. பெரிய தமாசுன்னு நெனப்பு.

தொட்டி ரூமுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் இடுப்புல, ஒண்ணு மணவாளன் சாரு அரைஞாண்ல. சாயந்தரம் நான் பூட்டுவேன், காலைல நான் தொறப்பேன். கதவுக்கு நேரா காமிரா. ஈ உள்ள போனாக்கூட தெரியும். நடுவுல யாரும் அந்தப் பக்கம் போற வேலையே இல்ல, கரண்டு பாட்டுக்கு ஓடிகினு இருக்கும், ஜிங்கு பாட்டுக்கு படிஞ்சுகினு இருக்கும்.

ஆடி பொறந்துச்சு. எங்க தெரு அம்மன் கோயில்ல இந்த வருஷம் மணவாளண்ணன்தான் தர்மகர்த்தா. மொத வாட்டி. மனுசன் தரையிலயே நிக்கல. போன வருஷம் பண்ணவன விட பெருசா பண்ணி காட்டணும்னு வீறாப்பு. கோயில்லேர்ந்து ஐவேஸ் வரைக்கும் சீரியல் செட்டு, தெருவுக்குத் தெரு ஆர்ச்சு, மூணு மாடி ஒசரத்துக்கு பல்புலயே அம்மன், புள்ளைங்களுக்கு ராட்டினம், காது கிழியற மாதிரி சவுண்டு சர்வீசு. பஸ்ஸுல போறவன்லாம் கழுத்த வெளிய நீட்டி கன்னத்துல போட்டுக்கினு போனான். "மின்விளக்கு, ஒலிபெருக்கி உபயம் மணவாளன்"னு பேனரு வேற. கோயிலுக்கு எதுத்தாப்புல கம்பெனி காம்பவுண்டு செவுரு. அங்கேர்ந்தே லைன இழுத்துட்டாங்க. எலக்ட்ரீசியன் ஜெகன் கம்பெனிக்கும் அவன்தான், கோயிலுக்கும் அவன்தான்.

அந்தத் திருவிழாவுல எனக்கும் ஒரு எடம் உண்டு. ஞாயித்துக்கெழம கூழ் ஊத்துவோம். மொத நாளு சாயந்தரம் கேவுரு மாவ அண்டால கரைச்சு புளிக்க வெக்கிறதும் நான்தான், மறுநாள் அம்மனுக்குப் படைச்சுட்டு மொத கரண்டி ஊத்துறதும் நான்தான். எங்க மாமியா கைலேர்ந்து வந்த கரண்டி அது. ஊருல எனக்குன்னு சொந்தமா கீற ஒரே கெத்து அதான். மீதி எல்லாம் வாடகை.

கோயில்ல காப்பு கட்டி திருவிழா ஆரம்பிச்ச மறுநாள் காலைல ரூம தொறந்து தகட்டத் தூக்கறேன், லேசா வருது. இன்னாடா இதுன்னு பாத்தா ஜிங்கு இல்ல. பீடிக்கட்டு சுத்தற காயிதம் கணக்கா ஒரு தோலு, அதுவும் அங்கங்க ஓட்டை. உளிய வச்சா பொடிப்பொடியா உதிருது. மொத நாளு சாயந்தரம் பூட்டறப்போ கண்ணால பாத்தேன், நல்லா படிஞ்சிருந்துச்சு. ஒரு தகடு ரெண்டு தகடு இல்ல, மொத்த தொட்டியும் அதே கதி.

கெமிஸ்ட்டு நிர்மல் சாரக் கூப்ட்டேன். ஈரோட்டுப் பக்கத்துப் புள்ள, வானகரத்துல ஃபிளாட்டு வாங்கிகினு கீது. நல்ல மனுசன், மருவாதியா பேசும். ஒரே கொறை, சாயந்தரம் பைபாஸ்ல டிராபிக் ஆவறதுக்குள்ள ஊடு போவணும்னு வாயில கீற டீய முழுங்காமயே பைக்க எடுத்துடும். அவரு வந்து தொட்டித் தண்ணிய கண்ணாடிக் குழாய்ல எடுத்து, மருந்து ஊத்தி, கலக்கிப் பாத்துட்டு மொகம் மலர்ந்துட்டாரு.

"தண்ணில ஜிங்கு எப்பவும் விட ஜாஸ்தியா இருக்குதுங்க சார்! இந்த லோடு ரொம்ப நல்ல மண்ணுங்க!"

போச்சுடா. மணவாளன் சாரு என்னத் திரும்பிப் பாத்தாரு பாரு ஒரு பார்வை. நல்ல மண்ணு வந்துருக்கு, தண்ணில ஜிங்கு ரொம்பிக் கெடக்கு, கரண்டு ஓடிகினு கீது, ஆனா தகட்டுல ஒண்ணும் இல்ல. அப்பன்னா படிஞ்சத எவனோ எடுத்துட்டான். ரூம தொறக்கறது யாரு? வசந்தா.

மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாளும். தெனம் சாயந்தரம் இருக்குது, காலைல இல்ல. நிர்மல் சாரு மண்ணப் புகழ்ந்துகினே இருக்காரு. காமிராவ ஓட்டிப் பாக்கலாம்னு உக்காந்தாங்க. முழு ராத்திரியும் பாத்தாங்க. ஒரு பூனை வந்து கதவாண்ட குந்திச்சு, கால நக்கிச்சு, போச்சு. மீதி எல்லாம் நான் பூட்றேன், நான் தொறக்கறேன், நான் பூட்றேன், நான் தொறக்கறேன். எனக்கே என்னப் பாத்தா திருடி மாதிரிதான் இருந்துச்சு.

"வசந்தா, டப்பாவத் தொற"ன்னாரு மணவாளன் சாரு. சாப்பாட்டு நேரம், எல்லாரும் பாத்துகினு இருக்காங்க.

தொறந்தேன். புளிசோறு, ஓரத்துல கொஞ்சம் மசால்வடை. கரண்டியால கிண்டிப் பாத்தாரு. கிண்டினவரு ஒரு வாயி எடுத்து வாயில போட்டுகினாரு, அதுதான் எனக்கு ஆத்திரம்.

"மடிச்சு கீழ வச்சிருந்தா தெரியாது"ன்னாரு மென்னுகினே.

"சார், அது மொறமொறன்னு ஒடையற தகடு. மடிக்க அது இன்னா தோசையா?"

"அப்ப இடுப்புல சுத்தியிருப்ப."

"சுத்திகினா நான் நடப்பேனா சார்? தகர டப்பா மாதிரி உருண்டுல்ல போவேன்? தெருவுல லொட லொடன்னு சத்தம் வராதா?"

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதான் தப்பாப்போச்சு. சிரிப்பு அடங்கினதும் அவரு மொகம் கறுத்துப்போச்சு. "திருட்டுக்கு வாய் நீளம் வேற"ன்னாரு. சாயந்தரம் ஊட்டுக்குக் கெளம்பறப்போ கேட்டாண்ட நின்னு, தெருவே பாக்க என்ன திருடின்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த வார்த்த என்ன விட வேகமா ஊட்டுக்குப் போய்ச் சேந்துடுச்சு.

அன்னிக்கு நைட்டு சோறு போட்றேன், ஏகாம்பரம் தட்டப் பாத்துகினே கேக்கறாரு: "ஏன் வசந்தா, ஒருவேளை எடுத்திருந்தா சொல்லிடு. நைசா திருப்பி வச்சுடலாம்."

அடப்பாவி மனுசா! இத்தினி வருஷம் கூடக் குப்பை கொட்டினவன் கேக்கற கேள்வியா அது? ரசத்த அப்டியே எடுத்துட்டேன். ரெண்டு நாளு சமைக்கல. ரோட்டுல பரோட்டா துன்னுட்டு வந்து ஏப்பம் வுட்டாரு, நான் காதுல வாங்கல. மொதலாளி சொன்னது கூட மேலால போச்சு, இந்த ஆளு சொன்னது உள்ள எறங்கிடுச்சு.

வெள்ளிக்கெழம எல்லம்மா வந்துச்சு. கூழ் ஊத்துற பொம்பளைங்களுக்கெல்லாம் அதுதான் தலைவி. ஊட்டுக்குள்ள வர்ல, வாசப்படிலயே நின்னுகினு பொடவை முந்தானையத் திருகுது.

"நான் ஒண்ணும் நம்பல வசந்தா. ஆனா நாலு பேரு பேசறாங்க. அம்மனுக்குப் படைக்கிற பொருளு. இந்த வருஷம் நீ கொஞ்சம் ஒதுங்கி இரு. மாவுல கை வெக்காத, கரண்டிய நாங்க பாத்துக்கறோம்."

வேலை போனா இன்னொரு வேலை. அம்பத்தூர்ல இல்லாத கம்பெனியா? ஆனா அந்தக் கரண்டி போனா நான் அந்தத் தெருவுல எந்த மூஞ்ச வச்சுகினு நடப்பேன்? நேரா மணவாளன் ஊட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளிய, அதனால அண்ணன்.

"அண்ணே, ஒண்ணு என்ன போலீஸ்ல குடு. இல்ல திருடலன்னு சொல்லு. நடுவுல தொங்கவுடாத."

அவரு யோசிச்சாரு. தர்மகர்த்தா பதவி வந்ததிலேர்ந்து எல்லாத்துக்கும் அம்மனதான் இழுப்பாரு. "நாளைக்கு சாயந்தரம் கோயில்ல வந்து சூடம் அடி"ன்னாரு.

சூடம் அடிக்கிறதுன்னா தெரியும்ல? தட்டுல சூடத்த ஏத்தி, அது எரியறப்போ சத்தியத்த சொல்லி, உள்ளங்கையால பட்டுன்னு அடிச்சு அணைக்கணும். அடிச்சாச்சுன்னா வார்த்த நெலச்சு நின்னுடும். பொய்யின்னா சொன்னவன சும்மா வுடாது, சாபம்னா யாரு மேல சொன்னமோ அவன சும்மா வுடாது. அடிக்கிற வரைக்கும் அது வெறும் பேச்சு.

"அடிக்கறேன். ஆனா நான் மட்டும் ஏன் அடிக்கணும்? கம்பெனில கால் வெக்கிற அத்தினி பேரும் வரட்டும். ஜெகன் வரட்டும், கெமிஸ்ட்டு சாரு வரட்டும். அத்தினி பேரு முன்னாடியும் அடிக்கறேன்."

நிர்மல் சாரு இருக்காரே, அவரு கெஞ்சாத கெஞ்சு கெஞ்சினாரு. "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைங்கக்கா. சனிக்கெழம பைபாஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்கக்கா." நான் வுடல. "நம்பிக்கை இல்லன்னா பயமும் இல்லல்ல? வந்து நில்லு சார்"னேன். அந்தக் கோவத்துல வாயில வந்தத சொன்னேனே தவிர, எனக்கு ஒரு யோசனையும் கெடையாது.

சனிக்கெழம சாயந்தரம். கோயிலு வாசல்ல இந்தத் தெரு, அந்தத் தெரு, ராட்டினத்துக்கு வந்த கூட்டம் எல்லாம் ரொம்பி வழியுது. லைட்டு ஜொலிக்குது. பாட்டு அலறுது. ஓரத்துல எல்லம்மாவும் பொம்பளைங்களும் அண்டாவ வெளக்கி கவுத்து வச்சுகினு என்னப் பாக்காத மாதிரி பாக்கறாங்க. ஏகாம்பரம் ஆட்டோவ ஓரமா போட்டுட்டு கூட்டத்துக்குப் பின்னாடி நிக்கறாரு. கிட்ட வர தைரியம் இல்ல.

மணவாளண்ணன் பட்டு வேட்டி, இடுப்புல துண்டு. என்ன பயமுறுத்தணும்னு ஒரு வில்லை ரெண்டு வில்லை இல்ல, முழு பாக்கெட்டையும் தட்டுல கொட்டி ஏத்தினாரு. குப்புன்னு எரியுது. பாட்ட நிறுத்தச் சொன்னாரு.

"சொல்லு"ன்னாரு.

"நான் திருடல. என் கையால அந்த ஜிங்குல ஒரு துண்டு வெளிய போவல. இது சத்தியம்"னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா எல்லம்மா மூஞ்சியப் பாத்தேன், ஏகாம்பரத்தப் பாத்தேன், பொங்கிகினு வந்துடுச்சு. "இன்னும் கேளு தாயே! அந்த ஜிங்கு காணாமப் போவக் காரணமானவன் எவனோ, அவன் வாய் கோணிப் போவட்டும்! அவன் தொழிலு படுத்துப் போவட்டும்! அவன் ஊட்டு வெளக்கு அணைஞ்சு போவட்டும்!"

"அப்டி சொல்லு!"ன்னாரு மணவாளண்ணன். அவருக்கே ரோசம் ஏறிப்போச்சு. "எவனா இருந்தாலும்னு சேத்துக்க. அவன் கம்பெனி வச்சிருந்தா அதுவும் நாசமாப் போவட்டும்னு சேத்துக்க!" எதுத்த கம்பெனிக்காரன் மேல அவருக்கு ஒரு சந்தேகம்.

சேத்துகினேன். கைய ஓங்கிட்டேன்.

அப்பதான் பின்னால நிர்மல் சாரு குரலு. இந்த மனுசன் சத்தியத்தையே பாக்கல. வாயப் பொளந்துகினு பல்பு அம்மனப் பாத்துகினு கீறாரு. அவரு ராத்திரில இந்த ஊரப் பாக்கறதே அன்னிக்குத்தான்.

"ஏங்க ஜெகன், இத்தனை லைட்டு, ராட்டினம் எல்லாத்துக்கும் ஜெனரேட்டருங்களா?"

"ஜெனரேட்டரு இன்னாத்துக்கு சார்? நம்ம கம்பெனி லைனுதான்."

"அது எப்படிங்க? நம்ம தொட்டிக்குப் போற கரண்டே மொத்த லோடையும் தின்னுருமே. ரெண்டும் ஒண்ணா ஓடினா தாங்காதே?"

"தாங்காதுதான். அதான் சாயந்தரம் தொட்டிக்குப் போறத நிறுத்திட்டு கோயிலுக்குத் திருப்பிடுவேன். காலைல லைட்ட அணைச்சதும் மறுபடியும் தொட்டிக்குப் போட்டுடுவேன். மொதலாளிதான் சொன்னாரு."

நிர்மல் சாரு மூஞ்சி வெளுத்துப்போச்சு. தலைல கைய வச்சுகினாரு. அப்பால ஒரு கத்து கத்தினாரு பாரு, ராட்டினத்துல கீற புள்ளைங்களே அழ ஆரம்பிச்சுடுச்சுங்க.

"அய்யோ! நிறுத்திட்டீங்களா? ராத்திரி பூராவா? அது ஆசிட்டுத் தொட்டிங்க! கரண்டு இருக்கற வரைக்கும்தாங்க ஜிங்கு தகட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். கரண்ட நிறுத்தினா அதே ஆசிட்டு அத்தனையும் திரும்பக் கரைச்சுப்புடும்ங்க! யாரும் எடுக்கலீங்க சார், ஜிங்கு தொட்டித் தண்ணிலயேதான் இருக்குது! நான்தான் மடையன், நல்ல மண்ணு நல்ல மண்ணுன்னு..."

கூட்டத்துல யாருக்கும் ஆசிட்டு புரியல. ஆனா மொதலாளிதான் சொன்னாருங்கறது எல்லாருக்கும் நல்லா புரிஞ்சுது. எல்லா தலையும் மணவாளண்ணன் பக்கம் திரும்புச்சு.

"படிஞ்சது படிஞ்சதுதானேன்னு நெனச்சேன்"ன்னாரு நிர்மல் சாரப் பாத்து. "செவுத்துல பெயிண்ட்டு அடிச்சா ராத்திரில கரைஞ்சா போவுது? ஒன்கிட்ட சொன்னா லொட்டு லொசுக்குன்னு பேசுவன்னு சொல்லல..."

அப்பதான் அவருக்கு உறைச்சுது. காரணமானவன் யாரு? அவன் வாயி, அவன் தொழிலு, அவன் கம்பெனி எல்லாத்துக்கும் கணக்கா பேசியாச்சு, அவரே எடுத்துக் குடுத்துருக்காரு, சூடம் எரிஞ்சுகினு கீது, என் கை மேல கீது. பாய்ஞ்சு வந்து என் கைக்கு நேரா ரெண்டு கையையும் கூப்பினாரு.

"தாயே, அடிச்சுடாத! வசந்தா, அடிக்காத!"

"ஏண்ணே? நீதான சொன்னே?"

"தெரியாம பண்ணிட்டேன்மா. கைய எடுத்துடு. நாளைக்கு கம்பெனில உக்காந்து பேசிக்கலாம்."

"கம்பெனில இன்னா பேச்சு? என்ன திருடின்னு கேட்டாண்ட நின்னு சொன்ன. அது ரோடு வரைக்கும் போயிடுச்சு. இப்ப மைக்க எடு. அதே ரோடு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு. அப்பால கைய எடுக்கறேன்."

மைக்க எடுக்கப் போனவர நிர்மல் சாரு துண்டப் புடிச்சு இழுத்தாரு. "சார், மொதல்ல கரண்டத் திருப்புங்க சார்! இன்னிக்குப் படிஞ்சது இப்பவே கரைஞ்சுக்கிட்டு இருக்குது சார்!" ஜெகன் காம்பவுண்டுக்குள்ள ஓடினான், சுச்சு மேல கைய வச்சுகினு செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கத்தறான்: "திருப்பிடவா மொதலாளி?"

"திருப்புடா!"

"திருப்பினா மைக்கு செத்துடும், பரவால்லியா?"

மணவாளண்ணன் என்னப் பாத்தாரு. நான் கைய இன்னும் கொஞ்சம் எறக்கினேன்.

"இருடா! திருப்பாத!"ன்னாரு.

மைக்க வாங்கினாரு. "எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன கவனக்கொறைவால..."

"சின்னதா?"

"ஒரு பெரிய கவனக்கொறைவால, வசந்தா மேல சந்தேகப்பட்டது தப்பு. நன்றி, வணக்கம். ஜெகன்..."

"எந்த வசந்தா? தெருவுக்கு ரெண்டு வசந்தா கீது."

"சார், சீக்கிரம்ங்க சார்"னு நிர்மல் சாரு குதிக்கறாரு. சுடுசோத்துல காலு வச்ச மாதிரி.

"என் கம்பெனில தகடு உரிக்கிற வசந்தா. ஏகாம்பரம் பொண்டாட்டி."

"அவ இன்னா பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல."

"பின்னாடி நிக்கறவங்களுக்கு கேக்கலண்ணே. ஆட்டோவாண்ட ஒருத்தரு நிக்கறாரு, அவருக்குக் கேக்கணும். அவசரம் இல்ல, மெதுவா சொல்லு."

அவரு கண்ண மூடிகினாரு. எனக்கு அவரு மேல எரக்கம் வர்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கரையறது அவரு ஜிங்கு, கரைஞ்சது என் மானம். ரெண்டும் ஒண்ணா?

மைக்க வாயோட ஒட்டி வச்சு, மொத வாட்டியா நிதானமா பேசினாரு. "ஏகாம்பரம் பொண்டாட்டி வசந்தா என் கம்பெனிலேர்ந்து ஒரு துரும்பு எடுக்கல. நான்தான் தொட்டிக் கரண்ட நிறுத்தி கோயிலுக்கு வுட்டேன். நான்தான் ஜிங்க கரைச்சேன். கரைச்சுட்டு, அந்தப் பொம்பள சோத்த எல்லாரு முன்னாடியும் கிண்டிப் பாத்தேன். திருடின்னு சொன்னேன். அது என் தப்பு. மன்னிச்சுடு வசந்தா."

ஐவேஸ் வரைக்கும் ஒவ்வொரு கொழாய்லயும் அது போயி மோதிட்டு திரும்பி வந்துச்சு. மன்னிச்சுடு வசந்தா, மன்னிச்சுடு வசந்தான்னு. கூட்டத்துக்குப் பின்னாடி ஏகாம்பரம் துண்டால மூஞ்சியத் தொடைச்சுகினு கீறாரு. அழறாரா வேர்வையா தெரியல. சூடம் அதுவா சுருங்கி, கறுத்து, அணைஞ்சுது. கைய எடுத்தேன்.

"இப்ப திருப்பச் சொல்லுண்ணே"ன்னேன்.

"ஜெகன், போட்றா!"

டப்புன்னு எல்லாம் போச்சு. பல்பு அம்மன் போச்சு, ஆர்ச்சு போச்சு, ராட்டினம் பாதில நின்னுச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் மெஷின் உறும ஆரம்பிச்சுது. நிர்மல் சாரு செருப்பு கூடப் போடாம அந்தப் பக்கம் ஓடற சத்தம் கேட்டுச்சு. மேல குந்தியிருந்த ராட்டினத்துப் புள்ளைங்கள எறக்கறதுக்கு ஆளுங்க கையால சுத்திகினு இருந்தாங்க. சன்னதில ஒரே ஒரு எண்ணெ வெளக்கு மட்டும் எரிஞ்சுது.

நான் நின்ன எடத்துலயே நின்னேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல.

"வசந்தா! எங்கடி கீற?" இருட்டுக்குள்ளேர்ந்து எல்லம்மா குரலு. "மாவு கரைக்க நேரமாவுது. நீ இல்லாம யாருக்கும் தண்ணி பதம் தெரியல. வா இங்க."

தடவிகினே போனேன். அண்டாவுல யாரோ மாவக் கொட்டி தண்ணி ஊத்தியிருந்தாங்க. சூடத்து மேலயே புடிச்சிருந்ததுல உள்ளங்கை செவந்து எரிஞ்சுகினு இருந்துச்சு. அந்தக் கைய சில்லுன்னு இருந்த மாவுக்குள்ள முழங்கை வரைக்கும் வுட்டேன். அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.